நாயாற்றங்கரையில் காற்றும் கொசுவும் ஒரு பானையும்

முல்லைத்தீவுக் கடலோரத்து உப்பேரியான நாயாற்றுக் களப்புக்கு எந்த மாதம் போகலாம், எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டு வருகிற செய்திகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத எனக்கு இப்போது மனமில்லை. இந்த ஆடி மாதத்தில் நானும் என் மனைவி பூமணியும் அங்கே போய்வந்த கதையை ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். அழகான படங்கள் வேண்டுமென்றால் வேறு பக்கங்கள் நிறைய உண்டு. மத்தியானம் இரண்டு மணிக்குக் குளிரூட்டிய வான் வண்டியில் வந்து இறங்கி, அரை மணித்தியாலம் நின்று படமெடுத்து, சொர்க்கம் என்று எழுதிவிட்டுப் போனவர்களின் பக்கங்கள். அவர்களில் ஒருவர்கூடக் கொசுவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே கொசு வராது. அவர்களுக்குத் தெரிந்த நாயாறு அவ்வளவுதான்.

கொசு என்றதும் இரவில் வீட்டுக்குள் வந்து கடிக்கிற நுளம்பை நினைக்காதீர்கள். நான் சொல்வது களப்புச் சேற்றில் பிறக்கிற பொடிக் கொசு. மிளகுத்தூளைத் தோலில் தட்டிவிட்டது போல இருக்கும். காதடியில் பாடாது. கடித்த பிறகுதான் வந்ததே தெரியும். நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் சாதாரணமாக நுழைந்து வரும். கடித்த இடம் முதலில் தணல் பட்டது போலச் சுடும், மறுநாள் தடிக்கும், அதற்கடுத்த நாள் சொறியாமல் இருப்பவன் மனிதனே இல்லை. இதைப் பற்றி ஒரு படித்த மனிதரிடம் கேட்டேன். நுளம்புத் திரியைக் கொளுத்தி வையுங்கள் என்றார். களப்பு வெளியில், திறந்த காற்றில், ஒரு திரி! நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டி, பழைய பத்திரிகைகளை வாசித்துத்தான் எழுதப் பழகினேன். ஆனாலும் அந்த மனிதரை விட எனக்கு இந்தக் கொசுவைத் தெரியும். தெரிந்து என்ன பயன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பூமணி நாயாற்றில் பிறந்தவள். களப்பின் கிழக்குக் கரையில், அவளுடைய தகப்பனின் தென்னங்காணி ஓரத்தில், ஒரு பாலை மரத்தடியில் சூலம் நட்டு வைரவர் வைத்திருக்கிறார்கள். கோயில் என்று சொல்ல அங்கே கூரைகூட இல்லை. கடைசிச் சண்டைக் காலத்தில் நாங்கள் ஊரூராக அலைந்து உடையார்கட்டில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோது எங்கள் மகனுக்கு வயிற்றில் காயம். மருந்து இல்லை. அவன் பிழைத்தால் அப்பாவின் வைரவருக்கு என் கையால் வளந்து பொங்குவேன் என்று அவள் பதுங்கு குழிக்குள் இருந்து நேர்ந்தாள். (நேர்த்திக்காகப் பொங்கும் புதுப்பானையைத்தான் இங்கே வளந்து என்பது.) அவன் பிழைத்தான். இன்றைக்கு வெளிநாட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நேர்த்தி மட்டும் அப்படியே நின்றது.

நின்றதற்கு நான் காரணம் இல்லை. முதலில் இராணுவம் அந்தப் பக்கம் போக விடவில்லை. போக விட்டபோது அவளுடைய தம்பி சிவலிங்கம் விடவில்லை. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எழுபதுகளில் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். எங்கள் கலியாணத்தன்று சிவலிங்கம் பந்தியில் இருக்காமல் எழும்பிப் போனவன். பிறகு காணிப் பிரச்சினை ஒன்றும் வந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவனோடு எட்டு வருடம் நான் பேசவில்லை, அவ்வளவுதான். அதற்குள் பூமணிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது.

இப்போது கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், வைத்தியசாலையில் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அதற்காக இடது கையில் நரம்பை இணைத்துச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறது. ஊசி ஏறுவது அந்தக் கையில்தான். அதில் காப்புப் போடக்கூடாது, இறுக்கமான சட்டைக்கை கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கீறல் படக்கூடாது. இந்த நோய்க்காரருக்குக் கொசு கடிக்காமலே உடம்பெல்லாம் அரித்துக் கடிக்கும். கொசுவுக்குப் பூசுகிற மருந்துகள் வெடித்த தோலை எரிக்கின்றன. இரண்டு வகை வாங்கிப் பார்த்தேன். இரண்டையும் கழுவ வேண்டி வந்தது. இந்த நிலைமையில் ஒருநாள் குசினி அடுப்படியில் இருந்துகொண்டு அவள் சொன்னாள்: "வைரவரின்ர கடனோட என்னைச் சாக விடாதேங்கோ."

நான் வைரவரை நம்புகிறவன் அல்ல. ஆனால் காற்றை அளக்கத் தெரிந்தவன்.

சித்திரையிலும் வைகாசியிலும் நான் தனியாக மோட்டார் சைக்கிளில் மூன்று முறை நாயாற்றுக்குப் போனேன். சிவலிங்கத்தின் வீட்டுக்குப் போகவில்லை. பாலை மரத்தடியில், அடுப்பு மூட்டக்கூடிய இடத்தில், சட்டையைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்தேன். வேறு எப்படி அறிவது? விடியற்காலையில் தொடங்கி வெயில் நன்றாக ஏறும்வரை கடித்தது. பின்னேரம் நாலரைக்குப் பிறகு இருட்டும்வரை கடித்தது. இடையில் வெயிலும் காற்றும் இருந்த நேரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒருநாள் மத்தியானம் மந்தாரம் போட்டுக் காற்று நின்றது. பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டன. மழை பெய்து சில நாள் கழித்துப் போனபோது நிலைமை படுமோசம். களப்பின் வாய் மணல் மூடி, தண்ணீர் வற்றி, ஈரச் சேறு அகலமாகக் கிடந்த நாளில் அதைவிட மோசம். எல்லாவற்றையும் அடக்குவது காற்று ஒன்றுதான். கண்டல் இலை மட்டும் அசைகிற காற்று போதாது. தென்னோலை விடாமல் ஆட வேண்டும். கைபேசியில் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்குக் கீழே என்றால் போகாதீர்கள். பதினைந்துக்கு மேலே என்றால் பயமில்லை. இது நான் என் முதுகைக் கொடுத்துப் படித்தது.

ஆகவே சோளகம் வேண்டும். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. ஆடியில் அது உச்சம். களப்பைக் கடந்து நேரே பாலை மரத்தடிக்கு வரும். ஆடி மாதம், மத்தியான வேளை, இயந்திரத்துக்கு மறுநாள். அப்படித்தான் நாளைக் குறித்தேன். குறித்த பிறகுதான் சிவலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்த முதல் கதை இது:

"சனிக்கிழமை வாறம். அக்கா மத்தியானம் பொங்கப் போறா."

"சனிக்கிழமையோ? வைரவருக்கு வெள்ளியெல்லோ அத்தான்."

"வெள்ளிக்கிழமை அவாவுக்கு மெசின். உன்ர வைரவர் மெசினை மாத்தித் தருவாரோ?"

பிறகு, "பின்னேரப் பொங்கல் எண்டாலும் வையுங்கோ. மத்தியானம் காத்து அள்ளிக்கொண்டு போகும்" என்றான்.

"காத்துக்காகத்தான் மத்தியானம்."

"காத்தைக் கேட்டுச் சாமிக்குப் பொங்கிற முதல் ஆள் நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் சொன்னது குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். அடுப்பு மூட்டத் தெரிந்தவன் சொன்ன வார்த்தையாக அதை நான் கேட்கவில்லை.

முதல் குறித்த சனிக்கிழமை போகவில்லை. வியாழன் ஒரு மழை பெய்து, வெள்ளி காற்று விழுந்தது. அடுத்த சனிக்கிழமைக்குக் கைபேசி பத்தொன்பது காட்டியது. கிளிநொச்சியில் ஓட்டோ ஓடுகிற நிசாமை வாடகைக்குப் பேசினேன். முல்லைத்தீவுக்காரன், புத்தளத்தில் அகதியாக வளர்ந்து திரும்பி வந்தவன், பாதை தெரியும். போய்வர, காத்திருப்போடு 15,000 ரூபாய். வான் என்றால் இதைவிட எவ்வளவோ கூட. நோயாளியைக் கூட்டிப் போகிறவர்கள் முடிந்தால் வான் எடுங்கள். ஓட்டோவில் ஒவ்வொரு பள்ளமும் அவளுடைய இடுப்பில் விழுந்தது.

காலை ஆறரைக்கு ஸ்கந்தபுரத்திலிருந்து புறப்பட்டோம். கிளிநொச்சி, பரந்தன் வந்து கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. உடையார்கட்டில் தேத்தண்ணிக் கடையொன்றில் நிறுத்தினோம். பூமணி வீதிக்கு அப்பால் ஒரு வெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அங்கே பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கக் கூடிய தண்ணீரை ஒரு சிறிய போத்தலில் அளந்து கொண்டுவந்திருந்தேன். அதில் இரண்டு மிடறு கொடுத்தேன். புதுக்குடியிருப்பில் எட்டேகாலுக்குப் பானை வாங்கினோம், 650 ரூபாய். தட்டிப் பார்த்துத் தேர்ந்தவள் அவள்தான். மூன்று பானைகளைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தாள். வட்டுவாகல் பாலத்தில் ஒரு பக்கம் நிறுத்தி ஒரு பக்கம் விடுகிறார்கள், அதில் பதினைந்து நிமிடம் போனது. முல்லைத்தீவில் ஒன்பதேகால். அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே, அளம்பில், செம்மலை தாண்டி நாயாறு. ஓட்டோவின் மீற்றரில் மொத்தம் 89 கிலோமீற்றர். இறங்கும்போது பத்து மணி ஐந்து நிமிடம்.

"ஐயா, ஓலையைப் பாருங்கோ, பேயாட்டம் ஆடுது. கொசு எல்லாம் இண்டைக்கு லீவு" என்றான் நிசாம்.

உண்மைதான். களப்பில் வெள்ளை நுரை. ஒரு கொசு இல்லை. பூமணி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பாலை மரத்தடிக்கு நடந்து போனாள். ஒரு வருடமாக அவள் யாரையும் பிடிக்காமல் அவ்வளவு தூரம் நடந்து நான் பார்க்கவில்லை. சிவலிங்கம் இடத்தைத் துப்புரவாக்கி, கல் வைத்து, தென்னம்பாளையும் மட்டையும் அடுக்கி வைத்திருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "வாங்கோ அத்தான்" என்றான். தமக்கையின் இடது கையைப் பார்த்தான். பிறகு போய் அவள் உட்கார ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. நேர்ந்தவர் பானையில் பாலை விட்டதும் வலக்கையில் அரிசியை அள்ள வேண்டும். பால் பொங்கி வழிந்தபிறகு மூன்று முறை பானையைச் சுற்றி அந்த அரிசியைப் போட வேண்டும். அதுவரை அரிசியைக் கீழே வைக்கக்கூடாது. வைத்தால் அன்றைக்குப் பொங்கல் இல்லை. வேறொருவர் கைமாற்றி வாங்கவும் கூடாது. நான் பலமுறை கேட்ட முறைதான். அதில் எந்த ஆபத்தையும் நான் காணவில்லை.

பதினொன்றேகாலுக்கு அடுப்பு மூட்டினோம். பூமணி பாலை விட்டு, அரிசியை அள்ளிக்கொண்டு கதிரையில் இருந்தாள். தீ மூண்டது, ஆனால் நிற்கவில்லை. சோளகம் அதைப் படுக்கப் போட்டு இழுத்தது. சுவாலை எல்லாம் அடுப்புக்கு வெளியே கிழக்குப் பக்கம் நீண்டு எரிகிறது. பானையின் அடி கறுக்கக்கூட இல்லை. மட்டைகள் விறுவிறென்று எரிந்து தீர்ந்தன. பன்னிரண்டு மணிக்கு நான் பாலுக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். குழந்தைக்குக் கொடுக்கலாம், அந்த அளவு சூடு.

"சொன்னனான்தானே" என்று சிவலிங்கம் சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்த்தேன். அவன் சொன்னது, "அக்கா கனநேரம் இருக்கமாட்டா அத்தான். ஒரு மறைப்புக் கட்டுவம்."

"கட்டு" என்றேன். நானும்தான் கட்டினேன். அவனுடைய வீட்டிலிருந்து நீலத் தறப்பாள் ஒன்று கொண்டுவந்தான். பக்கத்தில் நின்ற இரண்டு தென்னைக்கும் நடுவில், களப்புப் பக்கமாக, ஆளுயரத்துக்கு இழுத்துக் கட்டினோம். நிசாம் கீழ் விளிம்புக்கு மணல் போட்டு மூடினான். முடிச்சுப் போடுவதில் எனக்கும் சிவலிங்கத்துக்கும் போட்டி வேறு. தீ அந்தக் கணமே நிமிர்ந்து நின்றது. பானை அடியைச் சுவாலை பிடித்தது. பூமணி சிரித்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் செய்த வேலையைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காகத்தான் எழுதவே தொடங்கினேன். கைபேசி சொல்கிற காற்று வெளியில் அடிக்கிற காற்று. கொசு இருப்பது நம் முழங்காலுக்கும் தலைக்கும் நடுவில். வெளியில் பத்தொன்பது அடிக்கும்போது அவை சாகவில்லை. கண்டல் அடியிலும் புல்லுக்குள்ளும் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. காற்றில்லாத ஒரு மூலை கிடைத்தால், அதுவும் மூச்சும் வியர்வையும் இளஞ்சூடும் உள்ள ஒரு மூலை கிடைத்தால், அந்தக் கரை முழுவதிலும் உள்ள கொசுவுக்கு அது ஒன்றுதான் இடம். நாங்கள் தறப்பாள் கட்டி அந்த மூலையைச் செய்து, அதற்குள் பூமணியைக் கதிரை போட்டு இருத்தியிருந்தோம். மூன்று முறை வந்து முதுகைக் கொடுத்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் எப்போதும் வெட்டவெளியில்தான் குந்தியிருந்தேன்.

முதலில் அவள் முகத்தைத் தோளில் தேய்த்தாள். புகை என்று நினைத்தேன். பிறகு இடது கையை உதறினாள். கிட்டப் போய்ப் பார்த்தபோது ஊசி ஏற்றுகிற இடத்தைச் சுற்றித் தூள் தூவியது போல இருந்தது. வலக்கையில் அரிசி. இடக்கையைத் தூக்கி எதையும் அடிக்க முடியாது, அந்தக் கையை அடிக்கவும் முடியாது. கண்ணிமையில் இருக்கிறது, காதில் இருக்கிறது, அவள் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நான் சால்வையால் விசிறினேன். ஒரு பக்கம் விசிற மறுபக்கம் மொய்த்தன. சிவலிங்கம் சுளகால் விசிறினான்; தீ சரிந்தது; நிறுத்தினான். வேப்பிலை போட்டோம். புகை நேரே மேலே போனது.

"அம்மா, எழும்பி வாங்கோ, வெளியில காத்தில நிப்பம்" என்றான் நிசாம்.

"அரிசியோட அடுப்பை விட்டுப் போகேலாது தம்பி. இப்ப பொங்கீடும்."

பால் விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. அதையும் பார்த்தேன். அவளுடைய கையையும் பார்த்தேன். அந்தக் கை போனால் இயந்திரம் இல்லை. இயந்திரம் இல்லையென்றால் ஆள் இல்லை.

"தறப்பாளைக் கழட்டப் போறன்" என்றேன்.

"கழட்டாதேங்கோ!" என்று பூமணி கத்தினாள்.

"அத்தான், ரெண்டு நிமிசம். நுரை ஏறுது, பாருங்கோ."

"உங்களுக்குக் கும்பிட்டன். கையை எடுங்கோ" என்றாள் பூமணி. கும்பிட அவளிடம் கை இல்லை. வாயால்தான் சொன்னாள்.

நான் கழற்றினேன். முடிச்சு அவிழ நேரமாகும் என்று கத்தியால் அறுத்தேன். தறப்பாள் சடாரென்று பறந்து தென்னையில் அடித்தது. காற்று உள்ளே வந்தது. ஒரு மூச்சில் கொசு அத்தனையும் இல்லாமல் போனது. தீயும் படுத்தது. நுரை விளிம்பு வரை வந்து நின்று, மெல்ல மெல்ல அடங்கி, பாலாகக் கிடந்தது. ஒரு துளி வெளியே வழியவில்லை.

சிவலிங்கம் அறுந்த கயிற்றை எடுத்துக்கொண்டு மீண்டும் தறப்பாள் பக்கம் போனான். பூமணி அவனைப் பார்த்து, "வேண்டாம்" என்றாள். சுளகை இழுத்துக் கையிலிருந்த அரிசியை அதில் கொட்டினாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி விட்டாள். அதோடு முடிந்தது.

ஒரு மணிக்குப் புறப்பட்டு நாலரைக்கு வீடு வந்தோம். 89 கிலோமீற்றரில் அவள் பேசியது ஒரே ஒரு தரம். செம்மலையில் நிசாம் வேகத்தைக் குறைத்து, "அம்மா, தண்ணி வேணுமோ?" என்று கேட்டபோது, "வேண்டாம் தம்பி, இண்டைக்கு அளவு முடிஞ்சுது" என்றாள். முடியவில்லை. போத்தலில் பாதி இருந்தது.

நித்திரையில் அவள் சொறிந்திருக்கிறாள். நான் பக்கத்தில் இருந்தும் கண்ணயர்ந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கையைப் பார்த்த தாதி ஊசி ஏற்ற மறுத்துவிட்டார். சீழ் வைத்திருந்தது. கழுத்தில் ஒரு குழாய் போட்டு அன்றைய வேலையைச் செய்தார்கள். கை இன்னும் சரிவரவில்லை. சரிவராது போல இருக்கிறது. எங்கே போனீர்கள், ஏன் போனீர்கள் என்று வைத்தியர் என்னைக் கேட்டார். அவருக்கு நான் வளந்தை விளங்கப்படுத்தவில்லை. கழுத்துக் குழாயோடு தூரப் பயணம் கூடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

ஆவணி தொடங்கி ஒரு கிழமையில் சிவலிங்கம் தொலைபேசி எடுத்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம், காற்று விழுந்தபிறகு, அதே பானையில் தான் பொங்கியதாகச் சொன்னான். அக்காவின் பேரைச் சொல்லிப் பொங்கினானாம். கிழக்குப் பக்கமாக நன்றாக வழிந்ததாம். "கொசு என்னைத் திண்டு போட்டுது அத்தான், முகம் பாக்கேலாது. நான் அசையேல்லை. அக்காட்டச் சொல்லுங்கோ, கடன் முடிஞ்சுது எண்டு" என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. என் கலியாணப் பந்தியில் இருக்காமல் எழும்பிப் போனவன் இப்படிச் செய்வான் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவனுக்கு நன்றி சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறை.

பூமணியிடம் சொன்னேன். அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

"பொங்கினது ஆர்?" என்று கேட்டாள்.

"தம்பி. உன்ர பேரைச் சொல்லி."

"அப்ப அது அவன்ர பொங்கல்."

நான் தறப்பாளை அறுத்தது பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் நின்றால் அறுப்பேன். அறுத்தும் கை போனது, பொங்கலும் போனது. பிழை செய்யாத ஒருவனுக்கு இரண்டும் போகும் என்பதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் ஆனியும் ஆடியும் நல்லது. காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றரைக்கும் நடுவில் நில்லுங்கள். மழை பெய்த கிழமையில் போகாதீர்கள். கூடாரம், மதில், வள்ளத்தின் மறைவு, நிறுத்திய வாகனத்தின் மறைவு, இவை எதிலும் ஒதுங்காதீர்கள். வெயில் சுட்டாலும் காற்றுக்கு முகம் கொடுத்து நில்லுங்கள். சமைக்க வேண்டுமென்றால் சமைத்துக்கொண்டு போங்கள், அங்கே அடுப்பு மூட்டாதீர்கள். மூட்டியே ஆக வேண்டிய அடுப்பு என்றால் நான் சொல்லித்தர ஒரு வழியும் இல்லை. தீ நிற்கிற இடத்தில் கொசு இருக்கிறது, கொசு இல்லாத இடத்தில் தீ நிற்காது. நான் எல்லா வகையிலும் யோசித்துவிட்டேன்.

யாருக்காவது இப்படி ஒரு நேர்த்தி இருந்தால் நல்ல நாள் பார்க்காதீர்கள், கோபதாபம் பார்க்காதீர்கள், காற்றையும் பார்க்காதீர்கள். நேர்ந்தவருக்கு இரண்டு கையாலும் கொசுவை அடிக்க முடிகிற காலத்திலேயே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.